கை வலிக்கிறதா? கீபோர்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

டி.டி.பி. வேலை, கணக்கு வேலை, மென்பொருள் வேலை என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களுக்குக் கை வலி வந்ததும் விலை கூடிய கீபோர்டு ஒன்றை வாங்கத் தோன்றும். வாங்கலாம். ஆனால் வலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கினால் பணம் போகும், வலி இருக்கும்.

எந்த விரல் மரத்துப்போகிறது?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், ராத்திரியில் கையை உதறிக்கொண்டே விழிக்கிறீர்களா? அது கார்பல் டனல் கோளாறாக இருக்கலாம். மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகிய வழி உண்டு. ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாண்களின் உறை வீங்கினால் நரம்பு நசுங்கும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம், முடக்குவாதம் ஆகியவற்றிலும் இது வரும். கீபோர்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் பெரும்பாலும் கோளாறு முழங்கையில். அங்கே ஓடும் அல்நார் நரம்பு, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றினால் அழுந்தும்.

காசில்லாமல் செய்யக்கூடியது

மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரத்துக்குச் செய்யப்படுகின்றன. நம்மில் பலருக்கு இது அதிகம். தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்துத்தான் தட்ட வேண்டியிருக்கும். நாற்காலியை உயர்த்துங்கள், பாதம் தரையில் படாவிட்டால் கீழே ஒரு பலகை போடுங்கள். முழங்கை ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கி, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சிறு கால்களை மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டை இன்னும் வளைக்கத்தான் உதவும். லேப்டாப்பில் மணிக்கணக்கில் வேலை செய்பவர்கள் அதை உயர்த்தி வைத்து, தனியாக ஒரு கீபோர்டை இணைப்பது நல்லது. மணிக்கட்டுக்கு வைக்கும் மெத்தை, தட்டாமல் ஓய்வாக இருக்கும்போது மட்டும். அதன்மேல் அழுத்திக்கொண்டே தட்டினால் நரம்புக்குக் கூடுதல் நெருக்கடி.

இனி கீபோர்டு

சாதாரண கீபோர்டில் இரு கைகளும் நடுவே நெருங்குவதால் மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக வளைகின்றன. இரண்டாகப் பிரியும் கீபோர்டு இதைச் சரிசெய்கிறது: இரு பாதிகளையும் தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம். நடுப்பக்கம் சற்று உயரும் வகை என்றால் முன்கையின் முறுக்கமும் குறையும். பழக வாரக்கணக்கில் ஆகும், வேகம் குறையும். அவசர வேலை நடக்கும்போது மாற வேண்டாம்.

வலி தோளிலும் மவுஸ் பிடிக்கும் கையிலும்தான் என்றால் பிரியும் கீபோர்டே தேவைப்படாது. எண் பகுதி இல்லாத சிறிய கீபோர்டு போதும், மவுஸ் கைக்கு அருகே வந்துவிடும். கணக்கு எழுதுபவர்கள் எண் பலகையைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். எந்த வகையானாலும் விசைகள் மெல்லத் தொட்டாலே இறங்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு

ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்துத் தட்டுபவர்கள் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு thamizh முறையில் ஏழு விசைகளைத் தட்டுகிறார்கள். 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில் ஐந்தே போதும். அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய் வரிசை பெரும்பாலும் வலக்கைக்கு. கிரந்த எழுத்துகளைத் தவிர ஷிப்ட் விசைக்கு அதிகம் வேலையில்லை. நாளெல்லாம் தமிழில் எழுதுபவருக்கு, புது கீபோர்டைவிட இந்த மாற்றமே பெரிய ஓய்வு என்பது என் உறுதியான எண்ணம்.

எப்போது மருத்துவரிடம்?

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பிடித்த டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச்சதை மெலிகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையிலேயே பலருக்குக் குணம் தெரியும். சதை வற்றிய பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதற்கு முன்பே எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.