மாவோரி மக்களுக்கான பண்பாடு சார்ந்த உளநலச் சிகிச்சை

மாவோரி மக்களுக்கான பண்பாடு சார்ந்த உளநலச் சிகிச்சை என்பது, நியூசிலாந்தின் பழங்குடிகளாகிய மாவோரி மக்களின் மொழி, உறவுமுறை, ஆன்மிக நம்பிக்கை, நிலத்தோடுள்ள பிணைப்பு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு உளநோயை அறிந்து சிகிச்சை தரும் முறைகளைக் குறிக்கும். 1980களில் உருவான "தே ஃபரே தபா ஃபா" என்னும் மாதிரியே இவற்றுள் பெயர்பெற்றது. சிறுபான்மைச் சமூகங்களுக்கு அவர்களின் பண்பாட்டை அறிந்து உளநலச் சேவை வழங்க வேண்டும் என்ற கருத்து பல நாடுகளில் பேசப்பட்டாலும், அது ஒரு நாட்டின் மருத்துவமனை, செவிலியர் கல்வி, பள்ளிப் பாடத்திட்டம் வரை சென்றதற்கு நியூசிலாந்து நல்ல எடுத்துக்காட்டாகும்.

2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் மாவோரிகள். 2006இல் வெளியான தேசிய உளநல ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஓர் உளநலக் கோளாறு இருந்தவர்கள் மாவோரிகளில் 29.5 விழுக்காடாகவும், மாவோரிகளும் பசிபிக் தீவினரும் அல்லாத பிறரில் 19.3 விழுக்காடாகவும் இருந்தனர். வயது, கல்வி, வருமானம் முதலிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது இந்த இடைவெளி பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றாக மறையவில்லை. நோயின் ஒரு பங்கு வறுமையால் வருவது என்பதையும், வறுமையை மட்டும் காரணம் காட்டி முடித்துவிட முடியாது என்பதையும் இந்த ஆய்வு ஒருசேரக் காட்டுகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஐரோப்பியர் வருகைக்கு முன் மாவோரிச் சமூகத்தில் நோய் தீர்ப்பவர் "தொஹுங்கா" எனப்பட்டார். மந்திரம், மூலிகை, குல வரலாறு ஆகியவற்றை அறிந்த இவரே உடல்நோய்க்கும் மனநோய்க்கும் நாடப்பட்டவர். 1907இல் இயற்றப்பட்ட தொஹுங்கா ஒடுக்கல் சட்டம், இயற்கை கடந்த ஆற்றல் தமக்கு உண்டெனக் கூறி நோய் தீர்ப்பதைக் குற்றமாக்கியது. இச்சட்டத்தை வெள்ளையரின் திணிப்பு என்று மட்டும் சொல்வது பொருந்தாது. முதல் மாவோரி மருத்துவரான மாவுய் போமரே, அரசியல் தலைவர் ஆபிரானா நாட்டா ஆகியோரும் இதை ஆதரித்தனர். தொற்றுநோய்களால் மக்கள் மடிந்த காலத்தில் போலி வைத்தியர்களின் செயல்கள் அவர்களை அச்சுறுத்தின. தண்டிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. எனினும் மரபு அறிவு மறைவிடத்துக்குத் தள்ளப்பட்டது. சட்டம் 1962இல்தான் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரிகள் வேலை தேடிப் பெருந்தொகையாக நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். போருக்கு முன் பெரும்பாலும் கிராமங்களில் வாழ்ந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 1980களில் நகரவாசிகளாகிவிட்டனர். குலத்தின் பொதுவெளியான "மராய்", மூத்தோர், தாய்மொழி எல்லாம் ஒரே தலைமுறையில் தொலைவாகின. நூற்றாண்டின் நடுப்பகுதியில் மனநல மருத்துவமனைகளில் பிறரைவிடக் குறைந்த விகிதத்தில் சேர்க்கப்பட்ட மாவோரிகள், 1970களின் பின்பகுதிக்குள் பிறரை முந்திவிட்டனர்.

நான்கு சுவர் வீடு

"தே ஃபரே தபா ஃபா" என்பதற்கு "நான்கு பக்கங்கள் கொண்ட வீடு" என்பது பொருள். 1938இல் பிறந்த மாவோரி உளமருத்துவர் மேசன் டியூரி 1980களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார். மாவோரிச் சமூகத்துடன் நிகழ்ந்த உரையாடல்களிலிருந்து உருவான இம்மாதிரி, ஒரு மனிதரின் நலத்தைக் குலத்தின் பொதுமண்டபத்துக்கு ஒப்பிடுகிறது. அதன் நான்கு சுவர்கள் ஆன்மா (வைருவா), மனமும் உணர்வும் (ஹினெங்காரோ), உடல் (தினானா), விரிந்த குடும்பம் (ஃபானவ்) ஆகியவை. ஒரு சுவர் சரிந்தாலும் வீடு நிற்காது. வீடு நிற்கும் நிலமாகிய "ஃபெனுவா" பிற்கால விளக்கங்களில் அடித்தளமாகச் சேர்க்கப்படுகிறது.

இச்சொற்களின் பொருளைக் கவனித்தால் மாதிரி ஏன் இப்படி அமைந்தது என்பது விளங்கும். மாவோரி மொழியில் "ஃபெனுவா" என்றால் நிலம். நஞ்சுக்கொடி என்பதற்கும் அதே சொல்தான். பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியைக் குலத்தின் நிலத்தில் புதைப்பது மரபு. "ஃபானவ்" என்பது குடும்பத்தையும் பிள்ளை பெறுதலையும் குறிக்கும். கிளைக்குலத்தைக் குறிக்கும் "ஹாப்பு" கருவுற்றிருத்தலையும் குறிக்கும். நிலத்தை இழந்தவர் சொத்தை மட்டும் இழந்தவர் அல்லர் என்பது இம்மொழி பேசுபவருக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. தனிமனிதரின் எண்ணங்களிலும் நடத்தையிலும் மட்டும் நோயைத் தேடும் சிகிச்சைக்கு இது எட்டாது.

சிகிச்சை நடைபெறும் விதம்

வழக்கமான உளவளத்துணையில் ஆலோசகர் தம்மைப் பற்றிப் பேசமாட்டார். மாவோரி முறையில் இது தலைகீழாகிறது. முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு சிறு வேண்டுதலுடன் தொடங்கும். பின்னர் ஆலோசகர் தம் மலை, ஆறு, குலம், முன்னோர் ஆகியவற்றைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்துவார். வந்தவரும் அவ்வாறே செய்வார். இருவருக்கும் பொதுவான ஊரோ உறவோ தென்படும்வரை இது நீளலாம். நோயைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரச் சந்திப்பில் பாதி இதிலேயே கழியக்கூடும் என்பதால், நேரக் கட்டுப்பாடுள்ள மருத்துவமனைகளில் இது எளிதில் கைவிடப்படுகிறது. ஆனால் அப்படிக் கைவிட்ட இடங்களில் மற்ற எல்லா அம்சங்களும் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன. சந்திப்பு முடிவில் தேநீரோ உணவோ பகிர்வது உபசாரத்துக்காக மட்டும் அன்று. கனமான பேச்சின் புனிதத் தன்மையான "தப்பு" நிலையிலிருந்து அன்றாட வாழ்வுக்குத் திரும்ப உணவே வழி. (தமிழ்ச் சொல்லான "தப்பு" என்பதுடன் இதற்குத் தொடர்பில்லை.) தலை புனிதமானது என்பதால் அதைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்பதும் இதே கருத்தைச் சார்ந்தது.

குடும்பத்தினர் உடனிருப்பது இயல்பாகக் கொள்ளப்படுகிறது. சிகிச்சையால் பயன் உண்டா என்று அளக்க 2000ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கப்பட்ட "ஹுவா ஒராங்கா" என்னும் அளவுகோல், நோயாளி, மருத்துவப் பணியாளர், குடும்ப உறுப்பினர் ஆகிய மூவரையும் கேட்கிறது. நான்கு சுவர்களைப் பற்றியும் ஒவ்வொருவரும் தனித்தனியே சொல்ல வேண்டும். அறிகுறிகள் குறைந்துவிட்டன என்று மருத்துவர் மகிழும்போது, "இன்னும் வீட்டுக்காரர்களோடு பேசுவதில்லை" என்று குடும்பம் சொல்வதற்கு இதில் இடமுண்டு.

நோயறிதலில் நேரும் பிழைகள்

மாவோரிகளிடம் "ஃபகமா" என்னும் நிலை உண்டு. வெட்கம், கூச்சம், தாழ்வுணர்வு, தவறு செய்துவிட்ட உணர்வு எல்லாம் கலந்த இந்நிலையில் ஒருவர் தலைகுனிந்து, கண்ணைப் பார்க்காமல், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார். சில வேளைகளில் பேசவே மாட்டார். உளமருத்துவர் பெர்மிந்தர் சச்தேவ் 1990இல் இது குறித்து விரிவாக எழுதினார். இதை அறியாத மருத்துவர் கடும் மனச்சோர்வு என்றோ, உணர்ச்சி மழுங்கிய மனச்சிதைவு என்றோ குறித்துக்கொள்ளக்கூடும். இறந்த உறவினரைக் காண்பதும் அவர் குரலைக் கேட்பதும் அதைப் போன்றதே. மாவோரிச் சமூகத்தில் அது அருளாகவும் கருதப்படலாம். அனுபவிப்பவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கப் பிழையும் ஆபத்தானது. உண்மையான மனச்சிதைவை "முன்னோர் பேசுகிறார்கள்" என்று விட்டுவிட்டால் மருந்து தாமதமாகும். இளவயதில் முதன்முறை நோய் வருபவருக்கு அத்தாமதம் நீண்டகாலப் பாதிப்பைத் தரும். எனவே குரல் கேட்கிறதா என்பது மட்டும் இங்கே கேள்வி அல்ல. அக்குரல் என்ன சொல்கிறது, குடும்பத்து மூத்தவர் அதை எப்படிப் பார்க்கிறார், அவர் உண்கிறாரா, உறங்குகிறாரா என்பவற்றையும் சேர்த்தே முடிவு செய்கின்றனர். மூத்தோரும் உளமருத்துவரும் ஒரே அறையில் இருப்பதன் பயன் இங்குதான் தெரிகிறது.

இது ஏட்டளவிலான கவலை அன்று. நோயறிதல் மாறினால் சட்டநிலையும் மாறும். 1992ஆம் ஆண்டின் கட்டாய மதிப்பீடு மற்றும் சிகிச்சைச் சட்டம், நோயாளியின் பண்பாட்டு அடையாளத்தை மதிக்கும்படி கூறினாலும், அச்சட்டத்தின்கீழ் கட்டாயச் சிகிச்சைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உள்ளாவோரில் மாவோரிகள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். 2018இல் அரசு விசாரணைக் குழுவின் "ஹே ஆரா ஒராங்கா" அறிக்கை அச்சட்டத்தை நீக்கிப் புதியதை இயற்றப் பரிந்துரைத்தது.

பண்பாட்டுப் பாதுகாப்பு

மாவோரிச் செவிலியர் இரிஹாபெத்தி ராம்ஸ்டன் முன்வைத்த "பண்பாட்டுப் பாதுகாப்பு" என்ற கருத்து 1990களின் தொடக்கத்தில் செவிலியர் கல்வியில் சேர்க்கப்பட்டது. மாவோரிச் சடங்குகளைச் செவிலியர் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது அவர் கோரிக்கை அன்று. தம் அதிகாரத்தையும் முன்முடிவுகளையும் செவிலியர் அறிந்திருக்க வேண்டும். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு என்றார். அந்நாளில் இது நாளிதழ்களில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பிற்கால முறைகள்

2007இல் சூசன் பிதாமாவும் பிறரும் வெளியிட்ட மெய்ஹானா மாதிரி, டியூரியின் சுவர்களோடு நோயாளி வாழும் சூழலையும் மருத்துவச் சேவையையும் சேர்த்தது. பின்னர் அது ஒரு கடற்படகின் உருவகமாக விரிந்தது. குடியேற்ற ஆதிக்கம், இனவெறி, இடப்பெயர்வு, ஓரங்கட்டல் ஆகியவை படகைத் தள்ளும் காற்றுகள்.

கிஸ்போர்ன் பகுதியில் உளமருத்துவர் டயானா கோபுவாவும் மரபறிஞர் மார்க் கோபுவாவும் வளர்த்த "மஹி ஆ அத்துவா" முறை தொன்மக் கதைகளைப் பயன்படுத்துகிறது. வானத் தந்தையும் பூமித் தாயும் இறுகத் தழுவியிருக்க, இருளில் நெருக்குண்ட பிள்ளைகள் அவர்களைப் பிரிப்பதா வேண்டாமா என்று சச்சரவிடும் படைப்புக் கதையைச் சொல்லி, இதில் யாருடைய நிலை உங்களுடையது போல இருக்கிறது என்று கேட்பார்கள். "உனக்கு என்ன கோளாறு" என்ற கேள்விக்கு வாய் திறக்காத இளைஞர், பெற்றோரின் பிரிவால் சினந்து புயலான தெய்வத்தைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை.

விமர்சனங்கள்

சான்றுகள் இன்னும் மெலிந்தவை. மாவோரிகளுக்கென மாற்றியமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் மனச்சோர்வு குறைந்ததாகக் கூறும் ஆய்வு உண்டு. ஆனால் பங்கேற்றோர் சிலரே, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. நான்கு சுவர் வீடு 1999இல் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றபின் எல்லாருக்குமான நலப் படமாகப் பரவியது. அதில் "ஆன்மா" என்பது தனிமனித விழுமியங்கள் என்று சுருங்கி, மாவோரித் தன்மை நீங்கிவிட்டது என்ற குறையும் கூறப்படுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட மாவோரி நலவாழ்வு ஆணையம் ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2024இல் கலைக்கப்பட்டது.

மிக நுட்பமான சிக்கல் முதல் சந்திப்பிலேயே எழுகிறது. மாவோரிகளில் பெரும்பாலோர் இன்று தம் மொழியைச் சரளமாகப் பேசுவதில்லை. நகரத்தில் வளர்ந்தவர்களும், அரசுக் காப்பகங்களில் வளர்ந்தவர்களும் தம் மலையும் ஆறும் எவை என்று அறியாதிருக்கலாம். அவர்களிடம் குல அறிமுகத்தைக் கேட்பதே ஃபகமாவை உண்டாக்கிவிடும். அதனால் அனுபவமுள்ள ஆலோசகர்கள், தம் அறிமுகத்தைச் சொன்னபின் குலத்தைக் கேட்பதில்லை. எந்தத் தெருவில் வளர்ந்தீர்கள், சிறுவயதில் யார் சமைத்துப் போட்டார்கள் என்று தொடங்குகிறார்கள்.