பத்திரத்தில் 'கவலை' இருந்தால் வில்லங்கமா?

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் 'கவலை' என்று எழுதியிருக்கிறதே, அது வில்லங்கமா என்று பல்லடம், அவிநாசிப் பக்கத்து வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள்.

வில்லங்கம் இல்லை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த ஏற்பாடு அது. தெற்கே கமலை, அகராதியில் கபிலை, கன்னடத்தில் கபிலெ. தபம் தவமானதுபோலக் கபிலை கவலையாகியிருக்கும். வானம் பார்த்த பூமி பேச்சில் மானம் பார்த்த பூமியாவதுபோலக் கவலை கமலையாகியிருக்கும். கபிலை என்ற பசுவின் பெயரால் வந்தது என்பார்கள். இழுத்ததோ காளை! எனக்கு அந்த விளக்கம் ஒட்டவில்லை. 'நீர் இறைக்கும் கருவி' என்று அகராதி முடித்துக்கொள்வதும் போதாது. சூட்சுமம் கயிற்றில் இருக்கிறது.

நீர் மொள்ளும் பாத்திரமான சாலின் அடியில் தோலால் தைத்த நீளக் குழாய் தொங்கும், பெயர் தும்பி. சாலைத் தூக்கும் வடம் உயரத்து உருளையில் ஓடும். தும்பியின் வாயில் கட்டிய வால்கயிறு கிணற்று விளிம்பில் தாழ இருக்கும் உருளையில் ஓடும். இரண்டையும் இழுப்பது ஒரே நுகத்தடி. சால் மேலே வரும்வரை வால்கயிறு தும்பியை மடக்கிச் சாலின் வாய்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கும்; தண்ணீர் நிற்கும். விளிம்பைத் தாண்டியதும் சால் மேல் உருளையை நோக்கி ஏற, தும்பி கீழ் உருளைமேல் வழுக்கித் தொட்டிக்குள் நீளும். மடிப்பு நிமிர்ந்தால் தண்ணீர் தானே கொட்டும், கவிழ்க்க ஆள் வேண்டாம். காளைகள் சரிவில் இறங்கி இழுக்கும்; ஓட்டுபவர் வடத்தில் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். திரும்பும்போதுதான் கொடுமை: அதே சரிவில் மாடுகள் பின்னோக்கி நடந்தே ஏற வேண்டும். காங்கேயம் காளையின் பெருமை பேசும் மேடைகளில் இது வருவதில்லை.

தும்பி தைத்தது பெரும்பாலும் அருந்ததியர். கவலைக்குப் பதில் பம்ப்செட் வந்ததை முன்னேற்றம் என்றே அரசு ஏடுகள் எழுதும். அந்தத் தோல் வேலை அதோடு போனதைப் பற்றி அவற்றில் அதிகம் தேட வேண்டியிருக்கும்.

கவலை எப்போது போனது? 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் தொடங்கியது. அதன்பின் பம்ப்செட் பரவப் பரவ, மெல்ல மெல்ல.

சில பத்திரங்களில் 'கவலை'யோடு எண்ணும் இருக்கும், அது ஏன்? பெரிய கிணற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட கவலை ஓட்டுவார்கள்.

பத்திரத்தில் உள்ள கவலை ஓட்டும் உரிமை இன்று செல்லுமா? கிணற்றில் பங்கு உண்டா என்பதுதான் கேள்வி, வக்கீலிடம் காட்டுங்கள்.