கல்லில் அரைபடும் சால்சா

சிப்ஸ் பாக்கெட்டுக்குத் துணையாக பாட்டிலில் விற்கிறார்களே, அதை வைத்து சால்சாவை எடைபோட வேண்டாம். அந்த பாட்டில் வியாபாரத்தில் 1947இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில் டேவிட் பேஸ் என்பவர் இறங்கினார். சால்சாவின் வயது அதைவிடப் பல நூற்றாண்டுகள் அதிகம். அதன் பிறந்தவீடு மெக்சிகோவின் அரைகல்.

மொல்கஹேத்தே என்கிற அந்தக் கல், எரிமலைப் பாறையில் குடைந்த முக்காலிச் சட்டி. குழவியும் அதே பாறைதான். புதுக்கல்லில் அரிசியைப் போட்டு, மாவில் கல்பொடி கலக்காமல் வெள்ளையாக வரும்வரை அரைத்து அரைத்துப் பழக்கியாக வேண்டும். பிறகு தக்காளி, மிளகாய், பூண்டு மூன்றையும் தோலோடு சூடான தட்டில் போட்டு, அங்கங்கே கருகும்வரை சுடுகிறார்கள். கல்லில் முதலில் விழுவது உப்பும் உரித்த பூண்டும், அடுத்து மிளகாய், தக்காளி கடைசியில்தான். முந்திப் போட்டால் சாறு விட்டு, பூண்டு குழவிக்கு அகப்படாமல் நழுவும். கருகல் தோலைச் சுத்தமாக உரித்துவிடுவது வீண்வேலை, மணமே அதில்தான்.

16ஆம் நூற்றாண்டில் அஸ்தெக் மக்களின் வாழ்க்கையை அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய பாதிரியார் பெர்னார்தினோ தே சாஹகுன், சந்தையில் மிளகாய், தக்காளி, பூசணி விதை சேர்த்த குழம்புகள் விற்றதைக் குறித்திருக்கிறார். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் ஸ்பானியர் கப்பலில் வந்து சேர்ந்தவை. மிளகாய் எதிர்த்திசையில் கப்பலேறி, போர்ச்சுகீசியர் வழியாக நம் அடுப்படிக்கு வந்தது.

பச்சை சால்சாவில் இருப்பது காய்த் தக்காளி அல்ல, டொமாட்டியோ. நம் வேலியோரச் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய சொந்தம். அதே காகிதக் கூடு. கூட்டை உரித்ததும் கையில் ஒட்டும் பிசுக்கைக் கழுவிவிட்டு வேகவைப்பார்கள், அல்லது சுடுவார்கள். பிகோ தே காயோ என்கிற சால்சாவுக்கு அடுப்பும் வேண்டாம், கல்லும் வேண்டாம். எல்லாம் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கினால் போதும். யுகாத்தானில் அபனேரோ மிளகாயோடு புளிப்பு ஆரஞ்சுச் சாறு சேர்ப்பார்கள். கற்றாழைக் கள்ளான புல்கே ஊற்றிய சால்சாவும் உண்டு.

என் ஓட்டு வெராகுருஸ் பக்கத்து மாச்சாவுக்கு. காய்ந்த மிளகாய், பூண்டு, நிலக்கடலையை எண்ணெயில் வறுத்து, அந்த எண்ணெயோடே அரைப்பார்கள். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயே சுரீரென்று பிடிக்கும். ஆனாலும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கித்தான் ஊற்ற வேண்டும். கடலையும் பூண்டும் கிடப்பது மண்டியில்.