ஓட்டும் செவியும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரு காலத்தில் கித்தா மரங்களும் பின்னர் செம்பனையும் அடர்ந்திருந்த நிலங்களையொட்டித் தாமான்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் உலு திராமில், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெறும் இரவு ஏறக்குறைய ஒரு திருவிழா இரவுக்குச் சமானமானது. சங்கீதம் இவ்வூரை மூன்று திக்குகளிலிருந்து வந்தடைகிறது. நீரிணைக்கு அப்பாலிருந்து சிங்கப்பூரின் வசந்தம். கோலாலம்பூரிலிருந்து ஆஸ்ட்ரோ வானவில். அதே ஆஸ்ட்ரோவின் தயவில் சென்னையிலிருந்து, 2006ஆம் ஆண்டு முதல் ‘சூப்பர் சிங்கர்’ நடத்திவரும் விஜய் டிவி. எல்லையோரத்து ஊராக இருப்பதில் உள்ள பாக்கியங்களில் இதுவும் ஒன்று.

விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் இளைஞர்கள்கூட அன்றைக்குக் களைப்பை மறந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூடத்தில் முறுக்குத் தட்டு, வாசலில் செருப்புக் குவியல், அடுத்த வீட்டாரும் வந்து நிறைந்த பாய். பாட்டு நடக்கும்போது பேசுவோரை அதட்டி அடக்கும் பாட்டி, விளம்பரம் வந்ததும் பேரனை நோக்கி, “ஐயா, அந்தப் பிள்ளைக்கு ஓட்டுப் போட்டியா இல்லையா?” என்று கேட்கிறாள். “போட்டாச்சு பாட்டி” என்கிற பதிலில் அவளுக்குத் திருப்தியில்லை, “இன்னொரு தடவை போட்டா என்ன குறைஞ்சு போகும்?” என்கிறாள். அந்தக் கேள்விக்குள் இந்தப் போட்டிகளின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பாடகர் ஒருவர்பால் அபிமானம் கொண்டு அவருக்காக வாதாடுவது தமிழருக்குப் புதிதன்று. எம். கே. தியாகராஜ பாகவதரின் சாரீரமே சாரீரம் என்று ஒரு கூட்டமும், பி. யு. சின்னப்பாவுக்கு நிகர் எவருமில்லை என்று மற்றொரு கூட்டமும் அந்நாளில் திண்ணைதோறும் தர்க்கம் புரிந்தன. ஆனால் அந்த ரசிகர்களின் தர்க்கத்தால் பாகவதருக்குப் பட்டம் கிடைக்கவுமில்லை, சின்னப்பாவுக்குப் பட்டம் பறிபோகவுமில்லை. இன்றைய ரசிகருடைய அபிமானமோ கணக்கில் ஏறுகிறது. நடுவர்கள் சுருதியையும் லயத்தையும் பாவத்தையும் நுணுகி ஆராய்ந்து எத்தனை விமரிசனம் சொன்னாலும், அநேக போட்டிகளில் கடைசித் தீர்ப்பைத் தம் கையிலுள்ள தொலைபேசியால் எழுதுகிறவர்கள் வீட்டிலிருந்து கேட்பவர்களே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுத் தேர்தலில் ஒருவருக்கு ஓர் ஓட்டு; பாட்டுப் போட்டியிலோ, குறுந்தகவல் முறை வந்த நாள் தொட்டு, கட்டணம் செலுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதே பல இடங்களில் வழக்கமாயிற்று. ஆகவே அந்த ஓட்டு தலைகளை எண்ணுவதில்லை, தாபத்தை எண்ணுகிறது. எல்லோருக்கும் ஓரளவு பிடித்த பாடகரைக் காட்டிலும், சிலருக்கு உயிராக இருக்கும் பாடகர் முந்திவிடுவது இதனால்தான்.

எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத குலாய்ப் பகுதியில் இதற்கு ஒரு மகத்தான உதாரணம் உண்டு. நிலமற்றோரைக் குடியமர்த்துவதற்கென 1956இல் தோன்றிய ஃபெல்டா நிறுவனத்தின் குடியேற்றங்களில் ஒன்றான தாயிப் அண்டாக்கிலிருந்து புறப்பட்ட மாவி என்னும் இளைஞர், ஆஸ்ட்ரோவின் ‘அகாடமி ஃபேன்டாசியா’ மூன்றாம் பருவத்தில், 2005ஆம் ஆண்டு, நாடே வியக்கும்படி வெற்றி பெற்றார். குரற்பயிற்சியில் அவரினும் தேர்ந்தவர்கள் அந்த மேடையில் இருந்தார்கள் என்று சங்கீதம் அறிந்தோர் அன்றே சொன்னார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும், தங்கள் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் ஒருபோதும் கண்டிராத குடியேற்றக்காரர்களின் குடும்பங்கள், தங்களைப் போலவே பேசி, தங்களைப் போலவே கூச்சத்துடன் நிற்கும் ஒரு பிள்ளையை அங்கே கண்டபோது, அவர்கள் அனுப்பிய ஓட்டுகளை வெறும் பட்சபாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நெடுநாள் யாரும் பொருட்படுத்தாதிருந்த ஜனங்கள் தங்களையே ஒரு முறை மேடையேற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நிகழ்ந்ததோ இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 2004இல் நடந்த முதலாவது ‘மலேசியன் ஐடல்’ போட்டியின் இறுதிச் சுற்றில், கேளிக்கை விடுதிகளில் பாடிப் பழகியிருந்த ஜாக்லின் விக்டர் என்னும் இந்திய வம்சாவளிப் பெண்ணும், டீனா என்னும் மலாய்ப் பெண்ணும் எதிரெதிரே நின்றார்கள். இந்தியர்கள் இந்நாட்டு ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சொந்த இனத்தாரின் ஓட்டுகளை மட்டும் நம்பியிருந்தால் ஜாக்லின் வென்றிருக்க முடியாதென்றே கருதுகிறேன். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் மக்கள் எனப் பலதரப்பட்ட இல்லங்களில் அந்தக் குரலைக் கேட்டவர்கள், அது யாருடைய குரல் என்று விசாரிப்பதற்கு முன்பே அதற்கு வசப்பட்டுவிட்டார்கள். வெற்றியின்போது அவர் பாடிய ‘கெமிலாங்’ என்னும் மலாய்ப் பாடல் பின்னர் ‘அனுகெரா ஜுவாரா லாகு’ விருதையும் பெற்றது. மாவிக்கு விழுந்த ஓட்டில் உறவு முன்னின்றது. ஜாக்லினுக்கு விழுந்த ஓட்டில் செவி முன்னின்றது. இரண்டையும் நான் மதிக்கிறேன்; எனினும் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னால், செவி முன்னே சென்று உறவு பின்தொடரும் அபிமானத்தையே உயர்ந்ததென்பேன்.

உறவு பின்தொடர்வது எப்படி என்பதை ஈழத்துப் பிள்ளைகள் விஷயத்தில் கண்டோம். யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா, ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மேடையில் முதலில் தம் பாட்டினால்தான் கேட்பவர்களை ஈர்த்தார். அவர் எங்கிருந்து வந்தவர், அவருடைய மண் எத்தனை துயரங்களைத் தாங்கியது என்பதெல்லாம் வாரந்தோறும் தெரியத் தெரிய, 2023 டிசம்பரில் அவர் மகுடம் சூடியபோது, யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்தறியாத மலேசியத் தமிழர்களும் தம் வீட்டுப் பெண் ஜெயித்ததுபோல் ஆனந்தப்பட்டார்கள். 2015இல் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிச் சுற்றில் கனடாவிலிருந்து வந்த ஜெசிக்கா இரண்டாம் பரிசாகப் பெற்ற தங்கத்தை ஆதரவற்ற சிறார்க்கென்று மேடையிலேயே அறிவித்ததும், முதற்பரிசு பெற்ற ஸ்ஃபூர்த்தியைப் போலவே அவரையும் ஜனங்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

தோற்றவர்பால் கொண்ட அபிமானம் வீண்போவதில்லை என்பதற்கு வெளியுலகிலும் சாட்சி உண்டு. ‘அமெரிக்கன் ஐடல்’ 2004ஆம் ஆண்டுப் போட்டியில் ஏழாம் இடத்தோடு வெளியேற்றப்பட்ட ஜெனிஃபர் ஹட்சன், மூன்றே ஆண்டுகளில் ‘டிரீம்கேர்ல்ஸ்’ படத்துக்காக ஆஸ்கார் விருதை ஏந்தி நின்றார். இத்தகைய வெளியேற்றங்களுக்கு இரண்டு காரணங்கள் சாதாரணமாக உண்டு. ஒரே வகைக் குரலுடைய இருவர் மேடையில் இருந்தால் அபிமானிகள் பிரிந்து இருவரும் தாழ்வார்கள். ‘அவருக்கென்ன, நிச்சயம் தப்பிவிடுவார்’ என்று எண்ணி எல்லோரும் சும்மா இருந்துவிட்டால், மிகச் சிறந்தவரே ஓட்டின்றி நிற்பார். இவ்வகையில் பாட்டியின் கவலை நியாயமானதே.

ஆனால் பாட்டியின் பேரனுக்குப் பத்து முறை ஓட்டளிக்கப் பணமிருக்கிறது, தோட்டத்து வீட்டுச் சிறுவனுக்கு ஒரு முறைக்குத்தான் இருக்கிறது என்ற நிலை எனக்குச் சம்மதமில்லை. 2007 டிசம்பரில் ஜகார்த்தாவில் நடந்த ‘ஆசிய ஐடல்’ போட்டியில் நல்லதொரு விதி இருந்தது: ஓட்டளிப்பவர் இருவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். முதற்பெயர் தம் நாட்டவருக்குப் போனாலும், இரண்டாம் பெயரை எழுதுவதற்கு மற்றவர்களின் பாட்டைக் கேட்டே ஆகவேண்டும். ஜனத்தொகையில் மிகச் சிறிய சிங்கப்பூரின் ஹாடி மிர்சா அந்த முறையில்தான் வென்றார். அதற்கும் முன்னே, 2002 பிப்ரவரியில் பிரிட்டனின் ‘பாப் ஐடல்’ முடிந்தபோது, வில் யங்குக்கு ஏறக்குறைய 46 லட்சம், கேரத் கேட்ஸுக்கு ஏறக்குறைய 41 லட்சம் என்று ஓட்டுக் கணக்கைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். தோற்றவரின் ரசிகர்களும் எத்தனை பேர் தம்மோடு நின்றார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். நம் தமிழ்த் தொலைக்காட்சிகளும் ஒரு தொலைபேசிக்கு ஒரே ஓட்டு என்று வரையறுத்து, அந்த ஓட்டில் இரண்டு பெயர்களைக் கேட்டு, முடிவில் ஒவ்வொருவருக்கும் கிடைத்த எண்ணிக்கையைத் திரையில் காட்ட வேண்டும். அடுத்த பருவத்திலேயே அதைத் தொடங்கலாம்.