சாளைக்கு வந்த நெட்

கொங்கு நாட்டு விவசாயிகளில் பலர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்திலேயே சாளை கட்டிக்கொண்டவர்கள். கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி, அப்புச்சியின் வீடும் அப்படித்தான். தார் ரோட்டை விட்டு, இருபுறமும் வேலி நிற்கும் இட்டேரியில் இறங்கி, தென்னைகளுக்கு நடுவே நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதனால் ஊருக்கு வந்த எந்தக் கம்பியும் சாளைக்கு வந்து சேர இன்னும் சில கம்பங்களை நட வேண்டியிருந்தது. மின்சாரக் கம்பி மோட்டாருக்காக முதலில் வந்தது. தொலைபேசிக் கம்பி வெகுநாள் கழித்து, காத்திருந்தோர் பட்டியலில் எங்கள் முறை வந்தபோது வந்தது.

2000-களின் தொடக்கத்தில் மாமா அந்தச் செப்புக் கம்பியில்தான் நெட் பார்த்தார். 172222 என்ற எண்ணைக் கணினி கூப்பிடும். மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஓயும். விநாடிக்கு 56 கிலோபிட் என்று பெட்டியில் எழுதியிருந்த வேகம் ஒருநாளும் முழுசாகக் கிடைத்ததில்லை. நெட் ஓடும்வரை போன் வராது. "போன வெச்சிரு கண்ணு, பொள்ளாச்சில இருந்து சித்தி கூப்புடுவா" என்று அம்மிச்சி இரண்டு முறை சொல்வார். மூன்றாம் முறை பிளக்கையே பிடுங்கிவிடுவார். பரீட்சை முடிவு பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி காந்திபுரத்து பிரவுசிங் சென்டருக்குப் போவதே மேல் என்றிருந்த காலம் அது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது. 256 கிலோபிட் வந்தாலே அன்றைய அரசுக் கணக்கில் அது பிராட்பேண்ட். போனும் நெட்டும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று தடுக்காமல் ஓடின. ஆனால் அந்தத் தொழில்நுட்பத்துக்குத் தூரம் ஆகாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி நீள நீள வேகம் தேயும். எங்கள் சாளை கம்பியின் கடைக்கோடியில் இருந்தது. மாதம் முழுவதற்கும் ஒரு ஜிபி என்று கணக்குப் பார்த்துச் செலவழித்தோம். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவே கிடையாது. மும்முனை மின்சாரமும் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் வரும். அப்புச்சி மோட்டார் போட எழுந்திருப்பார், மாமா பதிவிறக்கம் போட எழுந்திருப்பார். ஒரே டார்ச் லைட் இருவருக்கும் போதுமாக இருந்தது.

அந்தத் தோட்டத்தில் முதல் சிம் கார்டு யாருடைய சட்டைப்பையிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது மோட்டார் ரூமில், மொபைல் ஸ்டார்ட்டருக்குள் இருந்தது. வீட்டிலிருந்தே அதற்குப் போன் போட்டு மோட்டாரை ஓடவிடலாம் என்பதால் அப்புச்சியின் இரவு நடை அதோடு நின்றது.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அதற்கு முன் ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய 250 ரூபாய் கொடுத்தோம். ஒரு மாதம் தாங்க வேண்டிய அளவு அது. இன்று சாதாரண ரீசார்ஜிலேயே ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் 2010-லேயே வந்துவிட்டது. ஆனால் அள்ளிக் கொடுக்க டேட்டா இல்லாதவரை அதை யார் தொட்டார்கள்? டேட்டா மலிந்த பிறகு சாளையின் நெட் என்பதே அம்மிச்சியின் பேரனுடைய போன்தான் என்றாயிற்று. கீழ்வானம் தெரியும் ஜன்னலில் சிக்னல் நன்றாக எடுக்கும். அங்கே போனை வைத்தால் ஆசாரத்து டிவி, மாமாவின் லேப்டாப், வாசல் கேமரா எல்லாம் அதில் தொற்றிக்கொள்ளும். 2012-ல் கோவைப் பக்கம் மின்வெட்டு நாளின் பாதிக்கு மேல் நீண்டபோது மோடம் செத்துக் கிடந்தது. இப்போது கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இருக்கும்வரை நெட் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. போன் சுடும். பழைய போன் ஒன்றை இதற்கென்றே சார்ஜரோடு ஜன்னலில் நிரந்தரமாக விட்டுப் பார்த்தோம். பேட்டரி உப்பி, பின்மூடி திறந்துகொண்டது. டேட்டா தீர்ந்தால் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும். மோடம் கீச்சிட்ட காலத்து வேகம் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அன்றைய பக்கங்கள் அதில் திறந்தன, இன்றையவை திறப்பதில்லை.

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் திட்டத்தை அரசு நிறுவனமான டான்ஃபிநெட் நடத்துகிறது. சரவணம்பட்டி அடுக்குமாடிகளில் ஃபைபர் குழாய்த் தண்ணீர் போல ஆகிவிட்டது. சாளைக்கு இழுக்கச் சொன்னால் கேபிள்காரர் இட்டேரியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன கம்பம் வேணும்னு எண்ணிச் சொல்றனுங்க" என்கிறார். பழைய கேள்விதான்.

அன்றைய போன் வீட்டுக்குச் சொந்தம். பின்னல் துணி போர்த்தி, டயலுக்குச் சின்னப் பூட்டும் போட்டு, ஆசாரத்து அலமாரியில் இருந்தது. 'சாளை நம்பர்' என்றால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரியும். யார் எடுத்தாலும் அது சாளைதான். இன்றைய நெட் ஆளுக்குச் சொந்தம், ஆளோடு போய்விடும். பேரன் பீளமேட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு திங்கள் விடிந்தால் டிவியில் யூடியூப் நின்றுவிடுகிறது, வாசல் கேமரா குருடாகிறது. தனியாக ஒரு சிம் வாங்கி வைக்கிறோம் என்றால் அம்மிச்சி ஒத்துக்கொள்வதில்லை.

புதன், வியாழன் வாக்கில் போனில் கேட்பார்: "நெட்டு எப்பக் கண்ணு வருது?"

சனிக்கிழமை என்று பேரன் பதில் சொல்வான்.