பெட்ரோல் என்ஜினைக் கொண்டு பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் முறை

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையைக் கடந்தபோது, காவிரிப் பாசனப் பகுதிகளில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் இருக்க நேர்ந்தது. அத்தகைய காலங்களில் விளக்குக்கும் கைப்பேசிக்கும் வேண்டிய மின்சாரத்தைக் கிராமத்திலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்குரிய சாதனத்தை அமைக்கும் விதமும், அதில் கவனிக்கவேண்டிய அபாயங்களும் கீழே விவரிக்கப்படுகின்றன.

வேண்டிய சாமான்கள்: 2 அல்லது 3 குதிரைசக்தியுள்ள பெட்ரோல் என்ஜின் ஒன்று, ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த, பழைய மோட்டார் காரின் ஆல்டர்னேட்டர் ஒன்று, பெல்ட்டும் இரண்டு புல்லிகளும், 12 வோல்ட் சிறு பல்பு, ஸ்விட்ச், பியூஸ், தடித்த செம்புக் கம்பி. மின்சாரம் ஏற்றப்படும் பாட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுக்குக் குறையாத ஈய-அமிலப் பாட்டரியாக இருத்தல் நலம். சிறு பாட்டரி மிகுந்த மின்னோட்டத்தால் சூடேறிக் கெடும்.

என்ஜினையும் ஆல்டர்னேட்டரையும் கனமான இரும்புச் சட்டத்தின்மீது, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு முடுக்கவேண்டும். என்ஜினுக்கு 5 அங்குலப் புல்லியும் ஆல்டர்னேட்டருக்கு 2½ அங்குலப் புல்லியும் இட்டால், என்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 3,600 சுற்று சுற்றும். ஒரு குதிரைசக்திக்குச் சுமார் 25 ஆம்பியர் மின்னோட்டத்தை எதிர்பார்க்கலாம். பெல்ட்டின்மேல் கம்பிவலை மூடி அவசியம். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் அதில் சிக்கினால் பேராபத்து விளையும்.

ஆல்டர்னேட்டரின் தடித்த முனையைப் பியூஸ் வழியாகப் பாட்டரியின் பாஸிடிவ் முனையுடனும், அதன் உடலை நெகடிவ் முனையுடனும் இணைக்கவேண்டும். முனைகள் மாறினால் ஆல்டர்னேட்டர் அக்கணமே பழுதாகும். பாட்டரியின் பாஸிடிவ் முனையிலிருந்து ஸ்விட்ச், பல்பு வழியாக மற்றொரு கம்பி ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குச் செல்லவேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு எரியும். என்ஜின் வேகம் கொண்டதும் அணையும். அணைவதே மின்சாரம் ஏறுவதன் அறிகுறி. என்ஜின் ஓடும்போது பாட்டரியை ஒருபோதும் கழற்றலாகாது.

மின்சாரம் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆகவே பீடி, சுருட்டு, காடா விளக்கு அருகில் வரலாகாது. என்ஜின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற விஷவாயு. மழைக்கு அஞ்சி என்ஜினை வீட்டுக்குள்ளோ, திண்ணையிலோ, மாட்டுக் கொட்டகையிலோ ஓட்டுவது உயிருக்கே கேடு. வீட்டிலிருந்து 20 அடிக்கு அப்பால், காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், மேலே மட்டும் தகரக் கூரையிட்டு ஓட்டுக.

இதைக்கொண்டு 5 குதிரைசக்தி மோட்டார் பம்பை ஓட்ட இயலாது. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் பாதியைச் செலவிட்டால் சுமார் 600 வாட்-மணி கிடைக்கும். 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 15 மணி நேரம் எரிய அது போதும். இன்வெர்ட்டர் வைத்து இம்மின்சாரத்தை வீட்டு மின்கம்பிகளில் செலுத்துவது தகாது. அது தெருக் கம்பிக்குப் பின்னோக்கிப் பாய்ந்தால், அங்கே பழுதுபார்க்கும் ஊழியர் உயிரிழப்பார்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பே சாதனத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பாட்டரித் தட்டுகள் மூழ்கும்வரை வாலைவடிநீர் ஊற்றி வைக்கவேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு சாதனம் அமைத்து, பழகிய ஒருவர் பொறுப்பில் விடுவதற்குக் கிராம அதிகாரிகள் முன்வருவார்களாயின், செலவும் குறையும், அபாயமும் குறையும்.