காவலூர் வானியல் தரவும் பழைய மென்பொருளும்: ஐராஃப் தொகுப்புப் பிழைகளைக் கண்டறியும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஜவ்வாது மலையின் காவலூரில் அமைந்துள்ள வைணு பாப்பு வானாய்வகத் தரவுகளைப் பகுத்தாயப் பயன்பட்டுவரும் மென்பொருள்களுள் ஐராஃப் ஒன்று. அதன் மூலநிரலைப் புதிய கணினிகளில் தொகுக்கும்போது எழும் பிழைகளை இக்கட்டுரை விளக்குகிறது. பிழை எந்தப் படிநிலையில் எழுந்தது என்பதை அறிந்த பின்னரே திருத்தம் செய்தல் வேண்டும் என்பதும், தொகுப்பு நிறைவேறுவது மட்டுமே முடிவுகளின் சரித்தன்மைக்குச் சான்றாகாது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காவலூர், ஐராஃப், தொகுப்பி, இணைப்பி, கருவித்தொடர்

முன்னுரை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில் 1960களின் இறுதியில் வானியல் நோக்கீடுகள் தொடங்கின. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பயன்பாட்டுக்கு வந்தன. இங்குப் பதிவான நிறமாலைகளை ஆராய்ந்து வெளியான கட்டுரைகள் பலவற்றில் ஐராஃப் கையாளப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1980களில் உருவாக்கப்பட்ட இம்மென்பொருளுக்கு அதன் தாய் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு நின்றுவிட்டது. தற்போது பயனர் குழுமமே அதனைப் பேணுகிறது. எனவே, பழைய ஆய்வு முடிவொன்றை அதே வழியில் மீளச் சரிபார்க்க விழைபவர், பல நேரங்களில் மூலநிரலைத் தாமே தொகுக்க வேண்டியவராகிறார்.

மொழிமாற்றப் படிநிலைகள்

ஐராஃபின் பெரும்பகுதி எஸ்பிபி என்னும் தனிமொழியில் எழுதப்பட்டது. முன்செயலிகள் அதனை ஃபோர்ட்ரான் நிரலாக மாற்றுகின்றன. எஃப்2சி என்னும் கருவி ஃபோர்ட்ரானை சி மொழிக்கு மாற்றுகிறது. தொகுப்பி, அதாவது கம்பைலர், சி நிரலை எந்திரக் குறிமுறையாக்குகிறது. இறுதியில் இணைப்பி அனைத்தையும் நூலகங்களுடன் சேர்க்கிறது. இந்நான்கு கட்டங்களும் ஒன்றையடுத்து ஒன்றாக நிகழ்வதால், முதற்கட்டத்துக் குறை இறுதிக் கட்டத்தில் வேறொரு பிழையாகத் தோற்றமளிக்கக்கூடும். எனவே தொகுப்பின் வெளியீடு முழுவதையும் கோப்பில் சேமித்து, அதில் முதலாவதாக வரும் பிழையிலிருந்து ஆராய்தல் வேண்டும்.

இணைப்புநிலைப் பிழைகள்

வரையறுக்கப்படாத பெயர் என இணைப்பி சுட்டும்போது, அப்பெயரை மூலநிரலில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய ஃபோர்ட்ரான் ஆறெழுத்துப் பெயர்களையே ஏற்றதால், நீண்ட எஸ்பிபி பெயர்கள் முதல் ஐந்தெழுத்தும் கடைசி எழுத்துமாகச் சுருக்கப்படுகின்றன. அவற்றின் இறுதியில் ஓர் அடிக்கோடும் சேர்கிறது. இச்சுருக்க விதியை அறிந்தவர் உரிய செயற்கூற்றையும், அது அடங்கிய நூலகத்தையும் எளிதில் இனங்காண்பார்.

கணினியின் கட்டமைப்பைக் குறிக்கும் சூழல் மாறி பிழையாக அமைவதும், முந்தைய 32 இரும முயற்சியின் எச்சங்கள் நீக்கப்படாமல் இருப்பதும் இணைப்பைத் தடுக்கும். இந்நிலையில் பழைய இடைநிலைக் கோப்புகளை நீக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து தொகுப்பதே முறை.

ஒரே மாறி பல கோப்புகளில் வரையறுக்கப்பட்டுள்ளது என்னும் பிழைக்குக் காரணம் வேறு. 2020இல் வெளியான ஜிசிசி 10, முன்பு பொறுத்துக்கொண்ட இவ்வழக்கத்தை இயல்பாகவே மறுக்கிறது.

தொகுப்புநிலைப் பிழைகள்

முன்னறிவிக்கப்படாத செயற்கூறுகளை அழைப்பதை சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையே விலக்கியது. ஆயினும் ஜிசிசி நெடுங்காலம் எச்சரிக்கை மட்டுமே விடுத்தது. 2024இல் வெளியான 14ஆம் பதிப்பு அதனைப் பிழையாக்கியது. விருப்பக்குறி ஒன்றைச் சேர்த்து இப்பிழையை எச்சரிக்கையாகத் தாழ்த்தலாம். அதில் இடர் உண்டு. முன்னறிவிப்பு இல்லாத செயற்கூறு முழுஎண்ணைத் திருப்பித்தருவதாகத் தொகுப்பி கருதுகிறது. அது உண்மையில் நினைவக முகவரியைத் தருமாயின், 64 இரும முகவரியின் மேற்பாதி இழக்கப்பட்டு, நிரல் இடையில் முறியலாம் அல்லது தவறான இடத்தைப் படிக்கலாம். உரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்து, செயற்கூற்றை முறையாக அறிவிப்பதே சரியான தீர்வு.

சரிபார்த்தல்

ஐராஃபுடன் எம்51 விண்மீன் மண்டலத்தின் சோதனைப் படம் ஒன்று வழங்கப்படுகிறது. அதன் அளவு 512×512. அதாவது 262144 படப்புள்ளிகள். படப் புள்ளியியல் கட்டளை அதற்கு 108.3 சராசரியையும் 131.3 திட்ட விலக்கத்தையும் தர வேண்டும். மதிப்புகள் மாறின், தொகுப்பு பிழையின்றி முடிந்திருப்பினும் அதனை ஏற்கலாகாது. இச்சோதனைக்குப் பின், முன்பே முடிவு வெளியான காவலூர் நிறமாலையொன்றை மீளப் பகுத்து, கோடுகளின் அலைநீளங்களை ஒப்பிடுதல் இரண்டாம் கட்டம். முதற்சோதனை அடிப்படைக் கணக்கீட்டை மட்டுமே காட்டும். நிறமாலைப் பகுப்புக்கான நிரல்கள் இரண்டாவதிலேயே சோதனைக்குள்ளாகின்றன.

முடிவுரை

மலைமேல் ஓர் இரவில் பதிவான விண்மீன் ஒளியை மீண்டும் பதிவுசெய்தல் இயலாது. ஆனால் அத்தரவை மீண்டும் பகுத்தல் இயலும். அதற்குத் தரவுக் கோப்பைப் பாதுகாப்பது மட்டும் போதாது. மென்பொருளின் பதிப்பு, தொகுப்பியின் பதிப்பு, கையாண்ட விருப்பக்குறிகள், செய்த திருத்தங்கள் ஆகியனவும் ஆய்வேட்டில் இடம்பெறுதல் வேண்டும். தொலைநோக்கியின் விட்டத்தையும் ஒளிபடு நேரத்தையும் குறிப்பது ஆய்வு நெறியாயின், தொகுப்புச் சூழலைக் குறிப்பதும் அந்நெறியின் பகுதியே ஆகும்.